முகாமைத்துவ ஆய்வுக்குப் போன மூவர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவை ஒட்டி நடந்த கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"ஒரே ஆண்டில் உயர்தரம் எழுதிய மூன்று பேர் முகாமைத்துவத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் போயிருக்கிறீர்கள். அது என்ன படிப்பு, ஏன் போனீர்கள் என்று வந்து சொல்லுங்கள்" என்று சங்கம் எங்களைக் கேட்டது. எங்களில் ஒருவர் வைத்தியர். இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையில் வேலை செய்துகொண்டே அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் வணிகப் பள்ளியில் பகுதிநேரமாக ஆய்வு செய்தவர். இப்போது உங்கள் முன் நிற்பவர் அவர்தான். மற்றவர் கொழும்பில் வங்கி அதிகாரி. மூன்றாமவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியர். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார், மேடைக்கு வர மறுத்துவிட்டார். மூவரும் வட்ஸ்அப்பில் பேசிப் பேசி எழுதிய உரை இது. ஆகவே "நான்" என்ற சொல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

முதலில் எல்லோரும் எங்களிடம் கேட்ட கேள்வி. எங்கள் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவுடனேயே கலியாண அழைப்பிதழில் "வைத்திய கலாநிதி" என்று அச்சடித்துவிடுவார்கள். எங்களில் வைத்தியர் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட ஒரு பெரியம்மா, "பிள்ளை, நீ ஏற்கெனவே டொக்டர்தானே. இன்னும் எத்தனை தரம் டொக்டராகப் போறாய்?" என்று கேட்டார். வங்கியில் இருப்பவரிடம் "முடித்தால் சம்பளம் கூடுமோ?" என்றார்கள். ஆசிரியரிடம் "அதிபராகப் போகிறியளோ?" என்றார்கள். சம்பளம் கூடவில்லை. அதிபராகவும் வரவில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் இன்றுவரை சரியான பதில் சொல்லவில்லை. இன்றைக்கு அவருக்கும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறோம்.

முகாமைத்துவத்தில் கலாநிதிப் பட்டம் என்றால் எம்.பி.ஏ.க்கு மேலே உள்ள இன்னொரு எம்.பி.ஏ. என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள். எம்.பி.ஏ. என்பது ஏற்கெனவே உள்ள அறிவைக் கற்று, அதைக் கொண்டுபோய் வேலைத்தலத்தில் பயன்படுத்துவது. கணக்கீடு, சந்தைப்படுத்தல், மனிதவளம் என்று பாடங்கள் உண்டு, பரீட்சை உண்டு. கலாநிதிப் பட்ட ஆய்வில் கேட்கப்படுவது வேறு: இதுவரை எவருக்கும் தெரியாத ஒன்றை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நீ கண்டறிய வேண்டும், அது சரியா என்று மற்றவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய விதமாக எழுத வேண்டும். இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் 12 மட்டங்கள் இருக்கின்றன. கலாநிதிப் பட்டம் 12ஆவது. அதற்கு மேல் ஏற ஏணி இல்லை.

"முகாமைத்துவம்" என்றதும் கம்பனியும் இலாபமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பல பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் இடமெல்லாம் இந்தத் துறைக்குரிய இடம்தான். வைத்தியசாலை, பள்ளிக்கூடம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், கோயில் பரிபாலன சபை எல்லாம் அதற்குள் வரும். எங்கள் சங்கக் கூட்டம் ஏன் எப்போதும் அரை மணி நேரம் பிந்தித் தொடங்குகிறது என்பதும் ஒரு முகாமைத்துவக் கேள்விதான். அதற்கு இன்னும் எவரும் ஆய்வு செய்யவில்லை.

இந்தத் துறையில் ஆய்வு எப்படி நடக்கிறது என்று காட்ட, இரண்டு ஆய்வு மாணவர்களின் கதையைச் சொல்கிறோம். இரண்டும் எங்களை இந்தப் பாதைக்கு இழுத்தவை.

முதலாமவர் ஹென்றி மின்ற்ஸ்பேர்க், கனடாவின் மொன்றியலைச் சேர்ந்தவர். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் ஆய்வு மாணவராக இருந்தார். முகாமையாளர் திட்டமிடுகிறார், ஒழுங்கமைக்கிறார், கட்டுப்படுத்துகிறார் என்று அக்காலப் பாடநூல்கள் எழுதின. மின்ற்ஸ்பேர்க் ஐந்து நிறுவனங்களின் தலைவர்களை ஆளுக்கு ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தார். என்ன செய்கிறார்கள், யாரோடு பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டே போனார். அந்த ஐவரில் ஒருவர் வைத்தியசாலையை நடத்தியவர், இன்னொருவர் பாடசாலைகளை நிர்வகித்தவர். அவர்களுடைய காரியங்களில் அரைவாசி ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டவை பத்தில் ஒன்றுதான். அமைதியாக இருந்து திட்டமிடும் முகாமையாளர் பாடநூலில்தான் இருந்தார். 1968இல் ஆய்வேடாக முடிந்த இந்த வேலை 1973இல் நூலாக வந்தது. முகாமையாளரின் வேலையைப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் அதைத் தொடாமல் போக முடியாது.

இரண்டாமவர் ஏமி எட்மன்சன். 1990களில் ஹாவட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. வைத்தியசாலைகளில் நோயாளருக்கு மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றிப் பெரிய மருத்துவ ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பகுதியாக, எட்டு விடுதிகளின் ஊழியர் குழுக்கள் எவ்வளவு நன்றாகச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று அவர் அளந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். தரவு வந்தபோது எல்லாம் தலைகீழாக இருந்தது. நன்றாகச் சேர்ந்து வேலை செய்த விடுதிகளில்தான் தவறுகளின் எண்ணிக்கை கூட.

அந்த இடத்தில் பலர் தலையில் கைவைத்திருப்பார்கள். அவர் வேறொரு விதமாக யோசித்தார்: இந்த விடுதிகளில் தவறு கூடவாக நடக்கவில்லை, நடந்த தவறு கூடவாகச் சொல்லப்படுகிறதோ? இந்த எண்களைப் பற்றி எதுவும் தெரியாத ஓர் உதவியாளரை விடுதிகளுக்கு அனுப்பி, அங்கே ஆட்கள் எவ்வளவு திறந்த மனதோடு பேசுகிறார்கள் என்று பார்த்துவரச் செய்தார். அந்தப் படமும் எண்களும் ஒன்றோடொன்று பொருந்தின. பயமில்லாத இடத்தில் தவறு வெளியே வருகிறது. பயமுள்ள இடத்தில் அது மறைந்து கிடக்கிறது. 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 வேலைக் குழுக்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குப் பின், "உளப் பாதுகாப்பு" என்ற அந்தக் கருத்து உலகெங்கும் பரவியது.

எங்களில் வைத்தியராக இருப்பவருக்கு இந்தக் கதை நெஞ்சில் தைத்தது. காரணம், அது எந்த நாட்டு விடுதியிலும் தினமும் நடப்பது. வைத்தியர் மருந்துச் சீட்டில் எழுதிய அளவு கூடிப்போய்விட்டதோ என்று இளம் தாதி ஒருத்திக்குச் சந்தேகம் வருகிறது. கேட்கலாமா, விடலாமா? கேட்டு, வைத்தியர் எழுதியது சரியாக இருந்துவிட்டால்? எல்லோர் முன்னிலையிலும் பேச்சு வாங்க நேர்ந்தால்? அந்த அரை நிமிடத் தயக்கத்தில் ஒரு நோயாளியின் உயிர் இருக்கிறது. மருந்தியல் பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. எவ்வளவு கெட்டிக்கார வைத்தியர், எவ்வளவு அக்கறையுள்ள தாதி என்பதாலும் அது தீர்வதில்லை. நல்லவர்கள் பலர் சேர்ந்து வேலை செய்தும் நல்லது நடக்காமல் போவது ஏன்? வைத்தியர் வணிகப் பள்ளியின் கதவைத் தட்டியது இந்தக் கேள்வியோடுதான்.

வங்கியில் இருப்பவரின் கேள்வி இப்படி: ஒரே கடன் விண்ணப்பத்தை இரண்டு அதிகாரிகள் பார்க்கிறார்கள். சட்டதிட்டம் ஒன்று, படிவம் ஒன்று. ஒருவர் கொடுக்கலாம் என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார். படிவத்தில் இல்லாத எதை அவர்கள் பார்க்கிறார்கள்? கோழி வளர்க்கக் கடன் கேட்டு வந்த, கணவனை இழந்த பெண்ணுக்கு இது படிப்பறிவுக் கேள்வி இல்லை, வயிற்றுப்பாடு.

ஆசிரியரின் கேள்வி சிறிய பாடசாலைகளின் அதிபர்களைப் பற்றியது. பிள்ளைகளின் கல்வியைப் பார்க்க வேண்டியவர் ஏன் நாள் முழுக்கப் படிவம் நிரப்புகிறார்? அவர் மின்ற்ஸ்பேர்க்கின் வழியைப் பின்பற்றி, குறிப்புப் புத்தகமும் கைக்கடிகாரமுமாக அதிபர்களுக்குப் பின்னால் போனார். முதல் இரண்டு நாள் அதிபர்மார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நேராக இருந்தார்களாம். மூன்றாம் நாளிலிருந்துதான் உண்மையான பாடசாலை தெரிந்தது என்று சொல்வார்.

இப்படி வேலைத்தலத்தில் கிடந்து உங்களை உறுத்தும் ஒரு கேள்வி இருந்தால் மட்டும் இந்தப் பாதைக்கு வாருங்கள். பெயருக்கு முன்னால் போடும் ஒரு சொல்லுக்காக வராதீர்கள். அந்தச் சொல்லின் ஆசை முதலாம் வருடத்தோடு தீர்ந்துபோகும். மிச்ச வருடங்களை இழுத்துக்கொண்டு போவது கேள்விதான்.

இந்தப் பள்ளிக்கூடம் எங்களை நன்றாகப் பதில் சொல்லப் பழக்கியது. குப்பி விளக்கில் கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து, புள்ளியிடும் திட்டம் எப்படி இருக்கும் என்று ஊகித்து எழுதிய தலைமுறை நாங்கள். அந்த உழைப்பு வீண்போகவில்லை. ஆனால் ஆய்வுக்குப் போனபோது புள்ளியிடும் திட்டமே இல்லாத ஓர் உலகத்தைக் கண்டோம். ஐம்பது கட்டுரைகள் வாசித்து, அழகாகச் சுருக்கி எழுதிக்கொண்டு போனால், மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "நல்லது. அதனால் என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்பார். மூன்று நாடுகளில் இல்லாவிட்டாலும் மூன்று ஊர்களில் இருந்த எங்கள் மூவரிடமும் மேற்பார்வையாளர்கள் கேட்டது இதே கேள்விதான். அது எங்களை அவமதிக்கும் கேள்வி அல்ல என்று விளங்க ஒரு வருடம் எடுத்தது. பிள்ளைகளே, உங்களிடம் யாராவது "அதனால் என்ன?" என்று கேட்டால் முகம் வாட வேண்டாம். உங்களைச் சிந்திக்கத் தெரிந்த ஆளாக மதித்துத்தான் அப்படிக் கேட்கிறார்கள்.

இனி, போக நினைக்கும் தங்கைமாருக்குச் சில நடைமுறைச் செய்திகள்.

முதலாவது, எந்தப் பட்டம் என்பது. பி.எச்.டி. ஒரு துறையின் அறிவுக்குப் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதை முதன்மையாகக் கொண்டது. டி.பி.ஏ. என்ற வணிக நிர்வாகக் கலாநிதிப் பட்டம் அனுபவமுள்ள தொழில்வல்லுநர்களுக்கானது. கேள்வி தொழிலில் இருந்தே எழும், ஆரம்பத்தில் வகுப்புகளும் கூட இருக்கும். விரிவுரையாளராக விரும்பினால் முதலாவதை நினையுங்கள். வேலையில் இருந்துகொண்டே வேலையைத் திருத்த விரும்பினால் இரண்டாவதையும் பாருங்கள். வைத்தியசாலை நிர்வாகியாக வருவதே நோக்கம் என்றால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் அதற்கென்றே மருத்துவ நிர்வாகக் கற்கை இருக்கிறது. கலாநிதி ஆய்வைச் சுற்றிப் போக வேண்டியதில்லை.

இரண்டாவது, மேற்பார்வையாளர். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மயங்குவதைவிட, உங்கள் கேள்விக்குக் கிட்டிய வேலையைச் செய்தவர் யார் என்று தேடுங்கள். அவர் எழுதியவற்றில் மூன்றையாவது வாசித்துவிட்டு, இரண்டு பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதி அனுப்புங்கள். அவரிடம் படித்த மாணவர் ஒருவரோடும் பேசுங்கள். இது கலியாணப் பேச்சு மாதிரித்தான். விசாரிக்காமல் கையெழுத்து வைக்கக்கூடாது.

மூன்றாவது, காலம். பிரித்தானியாவில் முழுநேரமாகச் செய்தால் பொதுவாக மூன்று தொடக்கம் நான்கு வருடங்கள். பகுதிநேரம் என்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. முழுநேர மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைக்க வழியுண்டு, போட்டி கடுமை. பகுதிநேரம் என்றால் பெரும்பாலும் உங்கள் பணம்தான். வேலைத்தலம் கட்டணத்தில் ஒரு பங்கு தருமா, கற்கை விடுமுறை தருமா என்று பதிவதற்கு முன்னரே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஒழுக்கநெறி அனுமதி. மனிதரிடம் கேள்வி கேட்கும் எந்த ஆய்வுக்கும் குழுவின் அனுமதி வேண்டும். எங்கள் துறையில் இதற்கு இன்னொரு முடிச்சு உண்டு. உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் நீங்கள் போய், "விரும்பினால் பங்குபற்றுங்கள்" என்று சொன்னால், அவர் எப்படி மறுப்பார்? அதனால்தான் வைத்தியர் தன்னுடைய விடுதியை விட்டு வேறு விடுதிகளில் ஆய்வு செய்தார்.

ஐந்தாவது, மொழி. வங்கி அதிகாரியும் ஆசிரியரும் நேர்காணல்களைத் தமிழில் செய்து ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினார்கள். "மேலிடத்துக்கு எப்படிச் சொல்லுறது, ஒரு மரியாதை இருக்குத்தானே" என்று ஒருவர் சொன்னால், அந்த "மரியாதை"யை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? அதற்குள் மதிப்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, வளர்ப்பும் இருக்கிறது. ஆசிரியர் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்து அதற்கு நான்கு பக்க விளக்கம் எழுதினார். வாசித்த பேராசிரியர் மிகவும் பாராட்டியது அந்த நான்கு பக்கத்தைத்தான். இங்கிலாந்து விடுதியில் கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த தாதியரோடு பேசியபோது, வைத்தியரும் அதே பொருளை வேறு சொற்களில் கேட்டார். எங்கள் மொழி எங்களுக்குத் தடை என்று நினைத்துப் போனோம். மற்றவர்கள் காணாததை அதுதான் காட்டித் தந்தது.

ஆறாவது ஒரு எச்சரிக்கை. காசு கட்டினால் இரண்டு வாரத்தில் கட்டுரையைப் பிரசுரிக்கிறோம் என்று மின்னஞ்சல்கள் வரும். ஆய்வேட்டையே எழுதித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். கிட்டவும் போகாதீர்கள். இறுதியில் வாய்மொழிப் பரீட்சை இருக்கிறது. இரண்டு மணி நேரம் பரீட்சகர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கேட்கும்போது, சொந்தமாக எழுதியவர்தான் நிமிர்ந்து இருந்து பதில் சொல்வார்.

இனிச் சொல்லப் போவது கட்டணத்தைவிடப் பெரிய விலை. நாற்பது வயதில் ஒரு பெண் ஆறு வருடத்தைத் தனக்காக எடுப்பது என்றால், அதை யாரோ கொடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் சமைத்த கணவன்மார், பெற்றோர் கூட்டத்துக்குப் பதிலாகப் போன மாமிமார், "அம்மா இண்டைக்கும் எழுதுறாவோ?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே கோப்பை கழுவிய பிள்ளைகள், இவர்களின் பெயர் ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரியாக வரும். அந்த ஒரு வரி போதாது என்று எங்களுக்குத் தெரியும்.

எங்கள் மூவரில் ஆசிரியர் கலாநிதிப் பட்டத்தை முடிக்கவில்லை. இதைச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்டோம். "கட்டாயம் சொல்லுங்கோ" என்றார். மூன்றாம் வருடத்தில் அவருடைய தந்தையார் பாரிசவாதத்தில் விழுந்தார். சகோதரர்கள் வெளிநாட்டில். பகலில் பாடசாலை, இரவில் அப்பா. அவர் ஆறு மாதம் யோசித்து, செய்திருந்த வேலையை முதுதத்துவமாணிப் பட்டத்துக்குச் சமர்ப்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த ஆய்வேட்டை நாங்கள் இருவரும் வாசித்தோம். எங்கள் மூன்று ஆய்வுகளிலும் சிறந்தது அதுதான் என்பது எங்கள் இருவருடையதும் ஒருமித்த முடிவு. நிறுத்துவதற்கும் கெட்டித்தனம் வேண்டும். ஒரு பிள்ளை பாதியில் திரும்பி வந்தால், "ஏன் முடிக்கவில்லை?" என்று கேட்காமல், "என்ன கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். எங்கள் சமூகத்தில் முதற்கேள்வியைக் கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். உலகத்தை மாற்றவில்லை. வைத்தியர் இப்போது விடுதிச் சுற்று முடியும்போது, அங்கே நிற்பவர்களில் ஆக இளையவரிடம் முதலில், "நான் கவனிக்காமல் விட்டது என்ன?" என்று கேட்கிறார். "ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்வது சுலபம். "என்ன?" என்று கேட்டால் ஏதாவது சொல்லத்தான் வேண்டும். ஆறு வருட ஆய்விலிருந்து விடுதிக்குப் போனது இந்த ஒரு வாக்கியம். பதில் வராத நாட்கள் உண்டு. பதில் வந்த நாட்களில், நோயாளிக்குப் போக இருந்த ஒரு மருந்து நின்றிருக்கிறது. பெரியம்மா கேட்டாரே, இன்னும் எத்தனை தரம் டொக்டர் ஆகப்போகிறாய் என்று. முதல் தரம் நோயைப் பார்க்கப் படித்தோம், இரண்டாம் தரம் நோயாளியைச் சுற்றி நிற்பவர்களைப் பார்க்கப் படித்தோம் என்று அவருக்குச் சொல்லலாம்.

கடைசியாக, எங்கள் கல்லூரிக்கும் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கணிதமும் உயிரியலும் கிடைக்காத பிள்ளைகள் போகும் இடம் வர்த்தகப் பிரிவு என்ற எண்ணம் நாங்கள் படித்த காலத்தில் இருந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை என்று கேள்விப்படுகிறோம். பரிசளிப்பு விழாவில் கைதட்டல்கூட வேறு சத்தத்தில் கேட்கும். ஒரு வைத்தியரே திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியிருந்த பாடத்தை நீங்கள் பதினாறு வயதிலேயே தொடங்குகிறீர்கள், வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளே. தலை நிமிர்ந்து படியுங்கள்.

சங்கத்திடம் நாங்கள் பணம் கேட்கவில்லை. எங்கள் நேரத்தைத் தருகிறோம். இந்தப் பள்ளியில் படித்த எவராவது, எந்த நாட்டில் இருந்தாலும், எந்த வயதாக இருந்தாலும், தன் வேலையில் எழுந்த ஒரு கேள்வியை இரண்டு பக்கத்தில் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால், நாங்கள் மூவரும் அதை வாசித்து, மாதம் ஒருமுறை இணையவழியில் இருந்து பேசுவோம். தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதலாம். வாசித்துவிட்டு நாங்களும், "நல்லது, அதனால் என்ன?" என்று கேட்போம். கோபிக்க வேண்டாம்.